எலும்புக்கும் உண்டு ஒரு சூளை



ஜோகூரில் ஆயர் ஈத்தாம் வழியாகப் போகிறவர்கள் சாலையோரக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பூச்சாடிகளையும் பீங்கான் பொம்மைகளையும் பார்க்காமல் போக முடியாது. களிமண்ணைப் பிசைந்து, உருவம் கொடுத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்குகிறார்கள். சூளைக்குள் போகும்போது மண்ணாக இருப்பது வெளியே வரும்போது கல்லாக இருக்கிறது. வெப்பம் குறைந்தால் தண்ணீர் பட்டதும் கரையும். கூடிப்போனால் கோணிக்கொள்ளும், வெடிக்கும். அந்த நடுவாந்திரமான பதத்தைப் பிடிப்பதுதான் குயவரின் தொழில்.

அதே ஜோகூரில், ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வேறு ஒரு பீங்கானைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். அது பூச்சாடிக்கான பீங்கான் அல்ல. மனிதனுடைய காலிலோ தாடையிலோ எலும்பு இல்லாமல் போன இடத்தில் வைத்து நிரப்புவதற்கான பீங்கான். அதற்கும் சூளை உண்டு, அதற்கும் பதம் உண்டு. அண்மைக் காலத்தில் உலக ஆய்வுக்கூடங்கள் அதற்குள் வெள்ளி போன்ற உலோகங்களின் மிக நுண்ணிய துகள்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. சேர்த்தவுடன் அந்தப் பதம் இன்னும் கடினமாகிவிடுகிறது. அது ஏன் என்பதே இன்றைய பேச்சு.

எங்கே தேவைப்படுகிறது?

குளாயிலோ மாசாயிலோ குடியிருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மழை, வழுக்கல், பக்கத்தில் ஒரு லோரி. கணுக்காலுக்கு மேல் எலும்பு நொறுங்கித் தோலைக் கிழித்து வெளியே வந்துவிடுகிறது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 7,152 பேர் மாண்டார்கள். சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. உயிர் பிழைத்துக் கால் உடைந்து கிடப்பவர்களின் கதை அந்தக் கணக்கில் வருவதில்லை.

அப்படி உடைந்த காலில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நொறுங்கிப்போன துண்டுகளை எடுத்துவிட்டால் அங்கே ஓர் இடைவெளி விழுகிறது. சிறிய இடைவெளியை உடம்பே நிரப்பிக்கொள்ளும், பெரியதை நிரப்பாது. இரண்டு, திறந்த புண் வழியாகச் சாலைப் புழுதியோடு கிருமியும் உள்ளே போகிறது. எலும்புக்குள் குடியேறிய கிருமியை விரட்டுவது எளிதல்ல. அது தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்துகொள்கிறது. மருந்து இரத்தத்தில் ஓடினாலும் அந்தப் படலத்துக்குள் போதிய அளவு நுழைவதில்லை. மாதக்கணக்கில் சீழ், மறு அறுவை, வேலை இழப்பு, சில வேளைகளில் கால் இழப்பு.

விபத்து மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். பாதத்தில் தொடங்கும் சிறு புண் எலும்பு வரை போய்விட்ட கதை நம்மவர் வீடுகளில் புதிதல்ல.

எலும்பு என்பது என்ன?

உலர்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். மற்றதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரத நார். இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்த கான்கிரீட்டைப் போல நாரும் தாதுவும் சேர்ந்து எலும்பாகின்றன. தாது கடினத்தைத் தருகிறது, நார் முறியாமல் வளைந்து கொடுக்கிறது.

அந்தத் தாது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். ஹைட்ராக்சி அபடைட் என்பது அதன் நெருங்கிய உறவு. அதில் ஆறு பாஸ்பரஸ் அணுவுக்குப் பத்து கால்சியம் அணு. இந்த விகிதம் பிசகினால் சூளையில் வேறு பொருளாக மாறிவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடு கலவையில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளை வீழ்படிவாக இது கிடைக்கும். சுண்ணாம்பைக் குழைத்துப் பழகிய கைகளுக்கு அந்த வெண்மை புதிதாக இராது.

எலும்பின் இடைவெளியை அந்நியப் பொருளால் நிரப்பும் முயற்சி பழையது. ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் 1892-இல் சுட்ட ஜிப்சம் தூளைப் பயன்படுத்தியதை எழுதி வைத்தார். 1920-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆல்பியும் அவருடைய துணைவர் மோரிசனும் கால்சியம் பாஸ்பேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். 1969-இல் புளோரிடாவில் லேரி ஹென்ச் என்ற பேராசிரியர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடியைக் கண்டுபிடித்தார். வியட்நாம் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்து வந்த ஓர் இராணுவ அதிகாரி பேருந்துப் பயணத்தில் அவரிடம் கேட்ட கேள்வியே அதற்கு வித்தானது. 1970-களிலும் 80-களிலும் செயற்கை ஹைட்ராக்சி அபடைட் மருத்துவமனைக்குள் வந்தது.

இன்றும் மருத்துவர்கள் முதலில் நாடுவது நோயாளியின் சொந்த இடுப்பெலும்பைத்தான். அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதற்காக இன்னோர் இடத்தில் கத்தி வைக்க வேண்டும், எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சமே. அதனால்தான் மாற்றுப்பொருள் தேவைப்படுகிறது.

மாட்டெலும்பும் மனசாட்சியும்

மாற்றுப்பொருள் எதிலிருந்து வருகிறது? இந்தக் கேள்வி பல இன, பல சமயத்தார் வாழும் நாட்டில் வெறும் வேதியியல் கேள்வி அல்ல. மாட்டெலும்பு என்றால் இந்துக்களில் பலர் தயங்குவார்கள். பன்றி என்றால் முஸ்லிம்கள் ஏற்க மாட்டார்கள். கிளந்தான் குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி மாட்டெலும்பைத் தூய்மைப்படுத்தி மருத்துவப் பயன்பாட்டுக்கு ஆயத்தம் செய்து வந்திருக்கிறது. மலேசிய அணுசக்தி முகவாண்மையும் சிரிம் நிறுவனமும் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் கைகோத்து உருவாக்கிய கிரானுமாஸ் என்ற குருணை உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து செய்யப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் முட்டை ஓட்டிலிருந்து இதே தாதுவைச் செய்து காட்டினார்கள். மீன் எலும்பு, பவளம், முட்டை ஓடு என்று இயற்கையில் எங்கெல்லாம் இது கிடைக்கும் என்பதைத் தொகுத்து 2014-இல் விரிவான ஆய்வுரை வெளியிட்டவர்களும் ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தாரே.

மாட்டெலும்பைச் சுட்டால் என்ன நடக்கிறது? மலாயாப் பல்கலைக்கழகப் பொறியியல் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் அதை 400 டிகிரி செல்சியஸ் முதல் 1,200 டிகிரி வரை படிப்படியாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். குறைந்த வெப்பத்தில் உள்ளிருக்கும் புரதம் கருகிக் கரியாவதால் எலும்பு கறுத்துப்போகும். வெப்பம் ஏற ஏறச் சாம்பல் நிறமாகும். 800, 900 டிகிரி அளவில் கரியெல்லாம் எரிந்து தீர்ந்து வெண்மையாகும். அப்போது எஞ்சி நிற்பது தாது மட்டுமே. வேதியியல் கண்ணுக்கு அது கல்லுக்குச் சமம். நம்பிக்கைக் கண்ணுக்கு அது அப்படித் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே அறுவைக்கு முன் மருத்துவரிடம் மூலப்பொருள் எது என்று கேட்பதில் தவறே இல்லை. மாற்று இருந்தால் அவர் சொல்வார்.

சூளைக்குள் நடப்பது

இனித் தூளைக் கட்டியாக்கும் கட்டம். வெண்பொடியை அச்சில் அழுத்தினால் சாக்குக்கட்டி போல் வரும். விரலால் நசுக்கினால் உதிரும். இதைத்தான் மின்சூளையில் வைக்கிறார்கள்.

முதல் சில நூறு டிகிரியில் ஈரமும், பிடிமானத்துக்காகக் கலந்த பசையும் வெளியேறும். இங்கே அவசரப்படக்கூடாது. நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்று மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பிறக்கும் ஆவி வெளியேற வழியின்றிக் கட்டியைப் பிளந்துவிடும். 900 டிகிரியைத் தாண்டியதும் துகள்கள் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் கழுத்துப்போல் ஒட்டத் தொடங்கும். எதுவும் உருகுவதில்லை. அணுக்கள் மட்டும் இடம் பெயர்ந்து இடைவெளியை மூடுகின்றன. பெரும்பாலும் 1,100 முதல் 1,250 டிகிரிக்குள் கட்டி இறுகிவிடும். அப்போது நீள அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும்.

இன்னும் ஏற்றினால் இன்னும் உறுதியாகும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. படிக மணிகள் பருத்துப்போகும், பருத்தால் வலு குறையும். 1,300 டிகிரியைத் தாண்டினால் படிகத்துக்குள் இருக்கும் நீர்க்கூறு வெளியேறி ஹைட்ராக்சி அபடைட்டே சிதைந்து வேறு பாஸ்பேட்டுகளாக மாறத் தொடங்கும். அவற்றில் சில உடம்பின் நீரில் விரைவாகக் கரைபவை. புதிய எலும்பு வளர்வதற்கு முன்பே முட்டுக்கொடுத்த சாரம் கரைந்துவிட்டால் என்ன பயன்? மறுபக்கம், கொஞ்சமும் கரையாத கட்டி காலமெல்லாம் கல்லாகவே கிடக்கும். கரையும் வேகமும் எலும்பு வளரும் வேகமும் ஒத்துப்போக வேண்டும்.

இவ்வளவு கவனமாகச் சுட்டாலும் இந்தப் பீங்கான் எலும்பின் வலுவை எட்டுவதில்லை. விரிசல் பரவாமல் தாங்கும் திறனை அளக்கும் அளவுகோலில் இதற்கு 1 என்றால் கெட்டியான மனித எலும்புக்கு 2 முதல் 12 வரை. நார் இல்லாத குறை அது. அதனால்தான் உடல் எடையைச் சுமக்கும் இடத்தில் தனியாக இதை வைப்பதில்லை. தகடும் திருகாணியும் சுமையைத் தாங்க, குருணை இடைவெளியை நிரப்பும். அந்தக் குருணையிலும் 100 மைக்ரானுக்குக் குறையாத துளைகள் வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அது. அந்தத் துளை வழியாகத்தான் இரத்த நாளமும் எலும்புச் செல்லும் உள்ளே குடிபுகும்.

வெள்ளி வந்த கதை

கிருமியின் சிக்கலுக்கு வருவோம். வெள்ளி கிருமியை அடக்கும் என்பது பழைய அறிவு. ஜெர்மனியின் கார்ல் கிரெடே 1881-இல் பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்வை இழப்பைத் தடுத்ததை வெளியிட்டார். நம் வீடுகளில் வெள்ளிப் பாலாடையில் குழந்தைக்குப் பால் புகட்டிய வழக்கமும் உண்டு. வெள்ளி ஈரத்தில் மெல்ல அயனியாகக் கசிகிறது. அந்த அயனி கிருமியின் சுவரிலும் உள்ளிருக்கும் புரதத்திலும் ஒட்டி அதன் இயக்கத்தைக் கெடுக்கிறது.

இதில் நானோ எதற்கு? நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6 இலட்சம் சதுர மில்லிமீட்டர். ஒரு சிறு மேசையின் பரப்பு அது! அயனி கசிவது மேற்பரப்பிலிருந்துதான் என்பதால் கடுகளவு வெள்ளியே பெரிய வேலை செய்யும்.

ஆனால் வெள்ளிக்குக் கிருமியும் ஒன்றுதான், எலும்புச் செல்லும் ஒன்றுதான். கூடினால் இரண்டையும் கொல்லும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற மூதுரைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஜோகூர்ப் பாலத்தின் மறுகரையில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வாளர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வெள்ளியை அபடைட்டில் சேர்த்துக் கிருமிக்குப் பகையாகவும் எலும்புச் செல்லுக்கு நட்பாகவும் இருக்கும் எல்லையைத் தேடினார்கள்.

961-இல் எழும் சிக்கல்

இப்போது சூளையையும் வெள்ளியையும் சேர்த்துப் பாருங்கள். பீங்கான் இறுகுவதற்கு 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளியோ 961 டிகிரியிலேயே உருகிவிடும். நானோ அளவில் அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். பொன்னுக்கும் செம்புக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. பொன் 1,064 டிகிரியிலும் செம்பு 1,085 டிகிரியிலும் உருகும். செம்பு அதற்கு முன்பே காற்றோடு சேர்ந்து கறுத்த ஆக்சைடாகிவிடும்.

உருகிய வெள்ளித் துளிகள் தாமரை இலைத் தண்ணீர்போல் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உருண்டைகளாகும். ஒரு பகுதி ஆவியாகப் போகும். நானோ துகளாக உள்ளே போனது பெரிய மணியாக வெளியே வந்தால் மேற்பரப்பு என்ற செல்வம் முழுதும் போயிற்று. அதுவும் ஒரே சீராக இராது. ஒரு மூலையில் குவிந்து செல்லைக் கொல்லும், இன்னொரு மூலையில் இல்லாமல் கிருமியை வாழவிடும். வெள்ளியைக் காக்க வெப்பத்தைக் குறைத்தால் பீங்கான் உதிரும். பீங்கானைக் காக்க வெப்பத்தைக் கூட்டினால் வெள்ளி கெடும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை.

ஆய்வாளர்கள் இதற்குச் சில வழிகளைக் கையாளுகிறார்கள். முதல் வழி, பீங்கானை முதலில் நன்றாகச் சுட்டு ஆறவைத்துப் பிறகு வெள்ளிக் கரைசலில் ஊறவைத்து, குறைந்த வெப்பத்தில் துகளை மேற்பரப்பில் படியச் செய்வது. பானையைச் சுட்ட பின் வண்ணம் தீட்டுவது போன்றது. எளிதுதான், ஆனால் மேலே இருப்பது விரைவில் கழுவிப்போகும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது வழி, வீழ்படிவாகும்போதே கால்சியத்தின் இருக்கையில் வெள்ளி அயனியை உட்கார வைப்பது. சூளையில் அதன் ஒரு பகுதி படிகத்தை விட்டு வெளியேறி உலோக வெள்ளியாகப் பிரிந்துவிடும் என்பதால் இங்கும் வெப்ப அளவே முக்கியம். மூன்றாவது வழி, நேரத்தைச் சுருக்குவது. மைக்ரோவேவ் சூளையில் வெப்பம் பொருளுக்குள்ளேயே பிறப்பதால் மணிக்கணக்கில் ஆவது நிமிடக் கணக்கில் முடியும். மணிகளுக்குப் பருக்க நேரமில்லை, வெள்ளிக்கு ஓட நேரமில்லை. இதே மைக்ரோவேவை அபடைட் தூளைச் செய்வதற்கே பயன்படுத்தி ஸ்கூடாய் ஆய்வாளர்கள் 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள். தூள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு குறைந்த வெப்பத்தில் அது இறுகும். ஆகவே வெள்ளியின் சிக்கலுக்குப் பாதி விடை தூள் செய்யும் இடத்திலேயே இருக்கிறது.

சுட்டெடுத்ததும் வேலை முடிவதில்லை. எக்ஸ் கதிரால் படிகம் சிதையவில்லை என்று பார்க்க வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் வெள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் கொகுபோ 1990-இல் வகுத்த முறைப்படி இரத்த நீரை ஒத்த கரைசலில் ஊறவைத்து மேலே புதிய அபடைட் படிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கிருமி, பிறகு செல், பிறகு விலங்கு, கடைசியில்தான் மனிதன். சந்தைக்கு வரும் அபடைட் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஓ. 13779 என்ற அனைத்துலகத் தரம் உண்டு. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டப்படி பதிவு செய்யாமல் எதையும் நோயாளிக்கு வைக்கக் கூடாது.

நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

உலோக நானோ துகள் சேர்ந்த எலும்புப் பீங்கான்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்துக் கதவைத் தாண்டவில்லை. நாளைக்கே மருத்துவமனையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளித் தண்ணீர் என்று புட்டியில் விற்பதைக் குடித்தால் எலும்பு நோய் தீரும் என்பதையும் நம்ப வேண்டாம். அத்தகைய வெள்ளிக் கரைசல் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்க முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-இலேயே அறிவித்தது. தொடர்ந்து குடிப்பவர்களின் தோல் நீலம் பாய்ந்து, அந்த நிறம் மாறாமலே நின்றுவிடுவதும் உண்டு. பீங்கானுக்குள் அளந்து பூட்டிய வெள்ளி வேறு, வாயில் ஊற்றும் வெள்ளி வேறு.

எலும்பு அறுவைக்குப் போகிற குடும்பம் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம். வைக்கப்போகும் பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது? அது கரைந்து எலும்பாக மாறுமா, அப்படியே நிற்குமா? மலேசியாவில் பதிவு பெற்றதா? புகைபிடிப்பவர் அதை நிறுத்துவதும், நீரிழிவுக்காரர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் எந்தப் பீங்கானையும்விட எலும்புக்கு நல்லது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மருத்துவம் கிடைக்கவில்லை என்று மனமொடிந்து நிற்கும் மாணவர்கள் நம் சமூகத்தில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பொருளறிவியல், உயிர்மருத்துவப் பொறியியல் என்ற துறைகள் ஜோகூரிலேயே இருக்கின்றன. கத்தி பிடிப்பவர் ஒரு நேரத்தில் ஒரு காலைக் காப்பாற்றுகிறார். சூளையின் பதத்தைக் கண்டுபிடிப்பவர், முகம் தெரியாத ஆயிரம் பேரின் காலுக்கு வழி செய்கிறார். அதிகாலையில் பாலத்தைக் கடக்கும் அந்த மோட்டார் சைக்கிள்காரரும் அந்த ஆயிரத்தில் ஒருவராக இருக்கலாம்.